பிரியோராட் மலைகளில் கிராவல் பைக்: மூன்று நாளில் முடியுமா?

ஓடும்சக்கரம்:

வணக்கம். நான் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் கடைசியில் பார்சலோனாவுக்கு வர வேண்டியிருக்கிறது. அதோடு மூன்று நாள் விடுப்புச் சேர்த்து, ஸ்பெயினின் கத்தலோனியாவில் உள்ள பிரியோராட் ஒயின் பகுதியைக் கிராவல் பைக்கில் (மண்பாதைக்கும் ஏற்ற சைக்கிள்) சுற்றிப் பார்க்க ஆசை. ஃபால்செட்டில் தங்கலாம் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் ஊர்கள் எல்லாம் பக்கத்துப் பக்கத்திலேயே இருப்பதால் நாளுக்கு 90 கி.மீ. என்று திட்டம் போட்டிருக்கிறேன்.

வண்டியில் 38 மி.மீ. டயர், முன்னால் 42 பல் செயின்ரிங், பின்னால் 11-36 பல் கேசட் (பல்சக்கர அடுக்கு). இங்குள்ள காட்டுப் பாதைகளுக்கு இது தாராளமாகப் போதும். நான் சைவம். ஒயின் பற்றி அதிகம் தெரியாது, ஆனால் அந்தச் சரிவுகளில் எப்படித் திராட்சை வளர்க்கிறார்கள் என்று நேரில் பார்க்க வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைக்காற்று:

பார்சலோனாவிலிருந்து ரெயூஸ் வழியாகப் போகும் பிராந்திய ரயிலில் சைக்கிளை ஏற்றலாம். மார்சா-ஃபால்செட் நிலையத்தில் இறங்குங்கள். ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்து வையுங்கள். ஊருக்கு வெளியே ஹெல்மெட் கட்டாயம்.

செங்காந்தள்:

நான் ரெயூஸில் குடியிருக்கிறேன். ஒன்பது வருடமாக, வாய்க்கும் வார இறுதியெல்லாம் பிரியோராட்தான். நீங்கள் போட்டிருக்கும் 90 கி.மீ. என்ற எண்ணை முதலில் அழித்துவிடுங்கள். இங்கே தூரத்துக்கு அர்த்தமே இல்லை, ஏற்றம்தான் கணக்கு. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் நடுவில் ஆற்றுப் பள்ளம் வரை இறங்கி, மறுபடி அவ்வளவும் ஏற வேண்டும். நாளுக்கு 45 கி.மீ. போதும். அதுவே 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றமாகிவிடும்.

கியரை அவசியம் மாற்றுங்கள். முன்னால் 38 அல்லது 40, பின்னால் 44 வரை இருந்தால் நல்லது. திராட்சைத் தோட்டத்து மண்பாதைகளை டிராக்டருக்காக வெட்டியிருக்கிறார்கள், வளைந்து வளைந்து ஏறாமல் நேராக மேலே போகும். உங்கள் 42-36 வைத்துக்கொண்டு இறங்கித் தள்ளத்தான் வேண்டியிருக்கும்.

அப்புறம் டயர். இந்த மண்ணுக்கு யிகொரேயா என்று பெயர். மண் என்று சொன்னாலும் அது உடைந்த கருஞ்சிலேட்டுதான். கையில் எடுத்தால் அப்பளம் போல ஏடு ஏடாகப் பிரியும், அபிரகம் வெயிலில் மின்னும், ஓரம் கத்தி மாதிரி இருக்கும். ஒருமுறை தொர்ரோஜா ஊரைத் தாண்டி எஸ்கலாதேய் போகும் வழியில் என் பின் டயரின் பக்கச் சுவரை இரண்டு சென்டிமீட்டருக்குக் கிழித்துவிட்டது. டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் பாலாக வழிந்ததே தவிர அடைக்கவில்லை. பழைய டயரிலிருந்து வெட்டி வைத்திருந்த ஒரு துண்டை உள்ளே கொடுத்து, டியூப் போட்டு, மெதுவாக ஊர் வந்து சேர்ந்தேன். ஆகவே 45 மி.மீ., பக்கச் சுவர் தடித்த டயர், கூடவே ஒரு டியூபும் டயர்த் துண்டும்.

அன்று டயரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்த இடத்தில்தான், எப்படி வளர்க்கிறார்கள் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் பார்த்தேன். பாதைக்காக மலையை வெட்டிய சுவரில், என் தலைக்கு மேலே கொடி நிற்கிறது. அதன் வேர் விரல் தடிமனில் இரண்டு சிலேட்டுத் தகடுகளுக்கு நடுவே புகுந்து, என் இடுப்பு உயரத்துக்கும் கீழே இறங்கிப் போயிருந்தது. மேலே தண்ணீர் நிற்காது, அதனால் கொடி அதைத் தேடி ஆழத்துக்குப் போகிறது. ஒரு கொடியில் காய்ப்பது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சத்தில் எல்லாம் செறிந்துவிடுகிறது. படிக்கட்டுத் தட்டுகள் கூட வெட்டாத செங்குத்துச் சரிவுகளும் உண்டு, கோஸ்தெர் என்பார்கள். அங்கே இன்றும் சிலர் கோவேறு கழுதை பூட்டித்தான் உழுகிறார்கள்.

முதல் நாள் ஃபால்செட், பெல்முன்ட், எல் யோஆர், கிராதயோப்ஸ் என்று சுற்றுங்கள். கிளம்பும் முன் ஃபால்செட்டின் கூட்டுறவு ஒயின் ஆலையைப் பாருங்கள். கட்டடக் கலைஞர் கவுதியின் சீடர் செசார் மார்தினெல் 1919-இல் கட்டியது, உள்ளே வளைவுகள் கோயில் மண்டபம் போல உயர்ந்து நிற்கும்.

இரண்டாம் நாளை எஸ்கலாதேய்க்கு ஒதுக்குங்கள். மொன்சான்ட் மலைப் பாறைச் சுவரின் அடியில் கார்த்தூசியர் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம், 12-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. தேவதைகள் ஏணி வழியாக வானுக்கு ஏறுவதை ஓர் இடையன் கண்டான் என்று கதை. மடத்துத் தலைவரான பிரியோரின் ஆட்சிப்பகுதி என்பதால்தான் இந்தப் பகுதிக்கே பிரியோராட் என்று பெயர். 1835-இல் துறவிகள் வெளியேற வேண்டியதாயிற்று, இப்போது இருப்பது இடிபாடுகள். அங்கிருந்து லா மொரேராவுக்கு நடைபாதை ஒன்று உண்டு, வண்டிக்கு ஆகாது, தார்ச்சாலையில் ஏறுங்கள்.

மூன்றாம் நாள் பொர்ரேரா. வீட்டுச் சுவர்களில் வரைந்த சூரியக் கடிகாரங்களைத் தேடிக்கொண்டே தெருக்களில் நடக்கலாம்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாடா, ரெயூஸ் ஹேசல்நட், சியுரானா ஆலிவ் எண்ணெய். மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து வரை கடைகள் மூடியிருக்கும், முன்பே வாங்கிவிடுங்கள்.

பாதசாரி:

அக்கா, நடுவில் ஒயின் சுவைத்துவிட்டு வண்டி ஓட்டலாமா?

செங்காந்தள்:

தம்பி, ஓட்டும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். இங்கத்துக் கார்னாட்சா, காரின்யேனா திராட்சை ஒயின்கள் 15 சதவீத ஆல்கஹாலைத் தாண்டுவதும் உண்டு, வெயிலில் உடனே ஏறிவிடும். சைக்கிளில் போகிறவரையும் போலீஸ் ஊதச் சொல்லும். சுவைத்துவிட்டுத் துப்புவதற்குக் கிண்ணம் வைத்திருப்பார்கள், அதில் துப்புவது மரியாதைக் குறைவல்ல. நான் பயணம் முடிந்து, வண்டியை நிறுத்திய பிறகு மாலையில்தான் போவேன்.

ஓடும்சக்கரம்:

மிக்க நன்றி அக்கா. நாளுக்கு 45 என்று மாற்றிவிட்டேன், 45 மி.மீ. டயர் இன்றே ஆர்டர் போட்டாயிற்று. கேசட் மாற்றக் கடைக்காரரிடம் கேட்கிறேன். மே 2 வரை தங்க நினைக்கிறேன், அறை கிடைக்குமா?

செங்காந்தள்:

மே முதல் வார இறுதியில் ஃபால்செட்டில் ஒயின் சந்தை நடக்கும், அப்போது அறை கிடைப்பது கஷ்டம். இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கோர்னுதேயாவில் தங்குங்கள், அங்கிருந்து சியுரானா பாறைக் கிராமத்துக்கு ஒரு காலையில் ஏறி வரலாம்.