பினாங்கில் வீடு வாங்க வழி சொல்லுங்கள்

அண்ணன்மார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் வணக்கம். காரைக்குடியில் இருந்து எழுதுகிறேன். மகள் பினாங்கில் வேலை பார்க்கிறாள். அங்கே என் பெயரிலும் என் வீட்டுக்காரர் பெயரிலும் அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்க நினைக்கிறோம்.

ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். கூட்டாக வாங்கினால் இருவர் வரம்பும் சேரும். அது சரி. ஆனால் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே வங்கி வசூலிக்கும் வரி) பிடிக்கிறார்களே, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கியவர்களுக்கு எத்தனை மாதம் ஆனது? அவ்வளவு பணம் முடங்கினால் எங்களுக்குத் தாங்காது.

அப்புறம், வெளிநாட்டவர் வாங்க அந்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் கொடுத்த முன்பணம் திரும்புமா? அதற்கு ஒப்பந்தத்தில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

ஐயா கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன காலத்து ரப்பர் தோட்டப் பத்திரம் ஒன்று இன்னும் எங்கள் பெட்டகத்தில் இருக்கிறது. மடிப்பெல்லாம் கிழிந்து, முத்திரை மட்டும் தெரிகிறது. பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கைவிட்டுப் போன சொத்து. அதனால்தான் இந்தத் தடவை எழுத்து சுத்தமாக இருக்க வேண்டும் என்று பதறுகிறேன்.

அங்கே வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அடுத்த மாதம் முன்பணம் கேட்கிறார்கள்.