சொக் ஒயில் எது ஊற்றுவது? (எங்கள் குடும்பம் குழு)

பிரகாஷ்: செல்வா அண்ணே, பைக்கின் முன் சொக் இரண்டையும், அதுதான் குலுக்கலைத் தாங்கும் குழாய்களை, கழற்றிவிட்டேன். ஒயில் கசியாமல் தடுக்கும் சீல் புதிதாக வாங்கியாயிற்று. ரம்பொடை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அப்படியே குத்துகிறது. புத்தகத்தில் ஒயிலின் கெட்டி 10 டபிள்யூ என்று இருக்கிறது. இன்னும் கெட்டியாக 15 ஊற்றட்டுமா?

சித்தப்பா: நாங்கள் எஞ்சின் ஒயில்தான் ஊற்றினோம், 20 டபிள்யூ 40. ஓடியது.

செல்வா: ஓடும் சித்தப்பா. ஆனால் தோட்டத்து ரோட்டில் குழிக்குப் பின்னால் குழி. கெட்டி ஒயிலில் அமுங்கிய சொக், அடுத்த குழி வருவதற்குள் முழுதாக எழும்பாது. நாலைந்து குழியில் அடியோடு இறங்கி நின்றுவிடும். அப்புறம் கைக்குத்தான் அடி. விடியற்காலைக் குளிரில் ஒயில் இன்னும் கெட்டியாகும்.

பிரகாஷ்: அப்படியென்றால் குத்துவதற்கு என்ன செய்வது?

செல்வா: பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். அமுங்கும் வேகமும் எழும்பும் வேகமும்தான் ஒயிலின் கையில். ஸ்பிரிங் நீளத்தை அளந்து பார். பழைய ஒயில் எவ்வளவு வந்தது?

பிரகாஷ்: இடப்பக்கம் பாதிகூட இல்லை. கறுப்பாக, மீன் நாற்றம்.

செல்வா: பார்த்தாயா, அதனால்தான் குத்துகிறது. 10 போதும். சொக் குழாயை நகத்தால் தடவு. துருக்குழியில் நகம் மாட்டினால் புது சீலையும் கிழித்துவிடும்.

பெரியம்மா: கசிந்த ஒயில் பிரேக்கில் பட்டிருக்காதா? பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிற பைக் அது.

செல்வா: அதை முதலில் பார்க்க வேண்டும் பெரியம்மா. பிரகாஷ், பிரேக் பேட் ஒயில் குடித்திருந்தால் துடைத்துப் போடாதே, புதிது வாங்கு.

பிரகாஷ்: சரி அண்ணே. கடையில் இரண்டு கம்பனியின் 10 டபிள்யூ இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே?

செல்வா: இல்லை, இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சொக் ஒயிலில் டபிள்யூ எண் கம்பனிக்குக் கம்பனி மாறும். ஒரு கம்பனியின் 10 டபிள்யூ, 40 டிகிரி சூட்டில் 33 சென்டிஸ்டோக்ஸ் இருக்கும்; ஒயிலின் கெட்டியை அளக்கும் அலகு அது. இன்னொன்றின் 10 டபிள்யூ 47 இருக்கும். அந்த சென்டிஸ்டோக்ஸ் எவ்வளவு என்று கேட்டு வாங்கு. இரண்டையும் கலக்காதே.

பிரகாஷ்: அளவு?

செல்வா: புத்தகத்தில் உள்ள மில்லிலீட்டரை ஊற்று. ஸ்பிரிங் போடாமல் குழாயை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றை எடு. முழுதாக அமுக்கி, நேராக நிறுத்தி, மேல் விளிம்பிலிருந்து ஒயில்வரை அளந்துகொள். இரண்டு பக்கமும் ஒரே உயரம் வர வேண்டும். ஒயில் கூடினால் மேலே காற்றுக்கு இடம் குறைந்து, கடைசியில் கல் மாதிரி இறுகும்.

பெரியம்மா: இப்போது இருட்டிவிட்டது. காலையில் வெளிச்சத்தில் அளந்துகொள் தம்பி.

பிரகாஷ்: சரிம்மா. பிள்ளை நாளைக்கு பஸ்ஸில் போகட்டும்.