ஐபேடில் இடமில்லை, ப்ரோகிரியேட்டில் 31 ஜிபி படங்கள்: என்ன செய்வது?

கோலப்புள்ளி:
வணக்கம். திருநெல்வேலியில் இருந்துகொண்டு சிறுவர் கதைகளுக்குப் படம் வரைகிறேன். ஐபேட் 9ஆம் தலைமுறை, 64 ஜிபி. மூன்று வருடமாக வரைந்தது எல்லாம் ப்ரோகிரியேட் என்ற வரையும் ஆப்புக்குள்ளேயேதான் கிடக்கிறது. அதில் பாதிக்கு மேல் பெயரே வைக்காத "அன்டைட்டில்டு ஆர்ட்வொர்க்".

நேற்று இடமில்லை என்று செய்தி வந்ததும் அண்ணன் மகன் உதவிக்கு வந்தான். "அத்தை, இந்த ஆப்தான் 31 ஜிபி பிடிச்சிருக்கு. அழிச்சிட்டு மறுபடி இறக்கிக்கலாம், படமெல்லாம் கிளவுட்ல இருக்கும்ல" என்று அழுத்தப் போனவனைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். உண்மையிலேயே கிளவுடில் இருக்குமா? முடிந்த படங்களை ஜேபெக்காக போட்டோஸில் வைத்திருக்கிறேன். அது போதாதா?

மையொற்றி:
அந்தக் கையைப் பிடித்தீர்களே, அதற்கு ஒரு கும்பிடு. ப்ரோகிரியேட் படங்கள் ஐபேடுக்குள் மட்டும்தான் இருக்கும், தானாக எங்கும் ஏறாது. ஆப்பை அழித்தால் படமும் போய்விடும். செட்டிங்ஸில் "ஆஃப்லோட்" என்று இன்னொன்று உண்டு. அது ஆப்பை மட்டும் நீக்கிவிட்டுப் படங்களை விட்டுவைக்கும், ஆனால் அதனால் உங்களுக்கு இடம் மிச்சமாகாது. ஐகிளவுட் பேக்கப்பில் ப்ரோகிரியேட்டும் சேரும், சரி. ஆனால் இலவசமாகக் கிடைப்பது 5 ஜிபி, உங்களிடம் 31. அதுவும் முழு ஐபேடையும் மீட்கத்தான் உதவும், தொலைந்த ஒரே ஒரு படத்தை அதிலிருந்து எடுக்க முடியாது.

ஜேபெக் போதாது. நானும் உங்களைப் போலத்தான் நினைத்திருந்தேன். ஒரு கதைப் புத்தகத்துக்கு அட்டை வரைந்து கொடுத்துவிட்டு, மூலக் கோப்பை இடத்துக்காக அழித்துவிட்டேன். இரண்டு வருடம் கழித்து மறுபதிப்பு வந்தது. "அதே குரங்கு, அதே மரம், வானத்தை மட்டும் கொஞ்சம் உயர்த்துங்க, தலைப்புக்கு இடம் பத்தல" என்றார்கள். என்னிடம் இருந்ததோ 1200 பிக்சல் அகல ஜேபெக். ஏ4 அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சுக்கு 2480×3508 வேண்டும். வானம், மரம், குரங்கு என்று தனித்தனியாக அடுக்கிய லேயர் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. நான்கு ராத்திரி உட்கார்ந்து திரும்ப வரைந்தேன், குரங்கு முகம் கடைசிவரை பழையபடி வரவேயில்லை.

உங்கள் ஐபேடில் லைட்னிங் துளை என்பதால், யூஎஸ்பியும் சார்ஜரும் சேர்த்துச் சொருகும் கேமரா அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் சார்ஜரையும் மாட்டினால்தான் பெரும்பாலும் ஓடும். கேலரியில் செலக்ட், பிறகு ஷேர், அதில் "ப்ரோகிரியேட்" வடிவம், அப்புறம் ஃபைல்ஸில் டிரைவைக் காட்டிச் சேமிக்கவும். பத்துப் பத்தாக அனுப்புங்கள். நான் பேராசைப்பட்டு எண்பதை ஒரே மூச்சில் அனுப்பப் போய்ப் பாதியில் நின்றது. ஒவ்வொரு தவணையிலும் ஒரு படத்தை டிரைவிலிருந்து திரும்பத் திறந்து லேயர்களைப் பார்த்த பிறகே கேலரியில் அழிக்கவும். அங்கே குப்பைத்தொட்டி கிடையாது, அழித்தால் அழித்ததுதான்.

முக்கியமான படங்களை பிஎஸ்டியாகவும் (லேயரோடு சேமிக்கும் ஃபோட்டோஷாப் வடிவம்) ஒரு பிரதி வையுங்கள், நாளைக்கு ஐபேட் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரில் கிரிட்டா என்ற இலவச வரையும் மென்பொருளில் திறக்கலாம். வரைந்த விதத்தை ஓட்டிக் காட்டும் டைம்லேப்ஸ் வீடியோ மட்டும் பிஎஸ்டியில் வராது.

ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், இன்னொன்று வேறு ஊரில் இருக்கட்டும். ஒரே இழுப்பறையில் இரண்டு பென்டிரைவ் வைத்தால் அது ஒன்றுக்குச் சமம். 2023 டிசம்பர் வெள்ளம் நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மேசை மூழ்கியது. மதுரையில் அக்கா வீட்டு பீரோவில் கிடந்த டிஸ்க்தான் என்னைக் காப்பாற்றியது.

தூரிகைக்காரன்:
மையொற்றி அண்ணன் சொன்னதோடு பிரஷ்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா. நாமே செய்த பிரஷ், கலர் பேலட் எல்லாம் ஆப்போடு சேர்ந்தே போகும், தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். எழுத்து லேயர் இருந்தால் அந்த ஃபான்டையும். அப்புறம், வாட்ஸப்பில் உங்களுக்கு நீங்களே படம் அனுப்பி வைப்பதை பேக்கப் என்று நம்பாதீர்கள். டாக்குமென்டாக அனுப்பாவிட்டால் சுருக்கிவிடும்.

கோலப்புள்ளி:
அடாப்டர் வந்துவிட்டது, 2022 வரை ஏற்றியாகிவிட்டது. அந்த "அன்டைட்டில்டு" 212 படத்துக்கும் பெயர் வைத்தே தீர வேண்டுமா?

மையொற்றி:
வேண்டாம். காசு வாங்கிய படங்களுக்கு மட்டும் வையுங்கள்: 2023-06_குரங்கு_அட்டை என்று வருடம் முன்னால் வரட்டும், தானாக வரிசையாகிவிடும். அச்சகத்துக்குப் போவதற்கு ஆங்கில எழுத்திலேயே பெயர் வைத்துவிடுங்கள். பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட் காலத்துக் கம்ப்யூட்டர் இன்னும் சில இடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது, தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும். கம்ப்யூட்டரில் ப்ரோகிரியேட் கோப்பைச் சொடுக்கினால் படம் தெரியாது, அதனால் பக்கத்திலேயே அதே பெயரில் சின்ன ஜேபெக் ஒன்று போடுங்கள். மிச்சக் கிறுக்கல்களை வருடத்துக்கு ஒரு ஸ்டாக்காக (கேலரிக்குள் ஃபோல்டர் மாதிரி) அடுக்கினால் போதும். ஸ்டாக்குக்குள் ஸ்டாக் போகாது, அதையும் அண்ணன் மகனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.