பழைய சீன மேப்ல ஏன் தெற்கு மேல இருக்கு?

கேள்வி:
சாங்ஷா பக்கத்துல மாவாங்துய் கல்லறையில 1973ல எடுத்த பட்டுத்துணி மேப்போட போட்டோவ நேத்து ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன், கி.மு. 168ல புதைச்சது. ஆறெல்லாம் நெளிஞ்சு நெளிஞ்சு வந்து ஒண்ணா சேருது, சின்ன ஊருக்கு வட்டம் போட்டு உள்ள பேர் எழுதியிருக்காங்க, ஆனா தெற்கு மேல! ஏன் அப்படி? அப்புறம் செத்தவர் கூட மேப்ப எதுக்கு வெச்சு புதைக்கணும்?

பதில் 1:
அங்க அரசர் தெற்கு பாத்து உக்காருறதுதான் மரபு. அதோட அந்த மேப் வந்த சாங்ஷா ராஜ்யத்துக்கு எதிரி நான்யுவே நாடு, அதுவும் தெற்குலதான். ஆனா எல்லா சீன மேப்பும் அப்படின்னு நினைச்சிடாதீங்க, பின்னாடி வந்த பலதுல வடக்குதான் மேல. அதே கல்லறையில படை மேப் ஒண்ணும் இருந்துச்சு, அதையும் பாருங்க. ஊர் பேர் பக்கத்துல எத்தனை வீடுன்னு எழுதி, சிலதுல ‘இப்ப யாரும் இல்ல’ன்னு குறிச்சிருக்காங்க.

பதில் 2:
ரெண்டாவது கேள்விக்கு என் பதில், அங்க மேப்புன்னா வெறும் வழி காட்டுற படம் இல்ல, அந்த மண்ணே அதான். கி.மு. 227ல ‘சிங் கே’ன்னு ஒருத்தர் சின் நாட்டு அரசர கொல்லப் போனப்ப கையில என்ன கொண்டு போனார்? யான் நாட்டோட தூகாங் பகுதி மேப். மேப்ப குடுத்தா நிலத்தையே குடுத்த மாதிரி, அதனாலதான் அரசருக்கு அவ்ளோ கிட்ட போக முடிஞ்சுது. சுருள விரிச்சு விரிச்சு கடைசிக்கு வந்தப்ப உள்ள கத்தி. அரசர் தப்பிச்சார், பிற்பாடு அவர்தான் சீனாவோட முதல் பேரரசர் ஆனார்.

பதில் 3:
எனக்கு ரொம்ப பிடிச்சது சியான்ல இருக்கிற 1136ம் வருஷத்து கல் மேப், பேரு ‘யூ ஜி தூ’, வெள்ளத்த அடக்கினதா சொல்ற யூ மன்னர் பேர்ல. முழுக்க கட்டம், 5000க்கு மேல, ஒரு கட்டம் 100 லீ (பழைய சீன தூர அளவு). மஞ்சள் ஆறு வளையுற வளைவ பாத்தா அசந்து போவீங்க. அத படி எடுக்க ஈரக் காகிதத்த கல்லு மேல ஒட்டி மை ஒத்தி எடுத்தா வெட்டின கோடு மட்டும் வெள்ளையா வரும். அளவு அவ்ளோ துல்லியம், ஆனா பேர் மட்டும் புராண மன்னரோடது, அதுதான் அழகே.

கேட்டவர்:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். அந்த படை மேப்ப இப்பதான் பெரிசாக்கி பாக்குறேன், ‘யாரும் இல்ல’ன்னு எழுதின ஊரத்தான் தேடிட்டு இருக்கேன்.