வலைப்பந்தாட்டத்தில் ‘ஷேடோயிங்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

பாடசாலைப் பயிற்றுநர்களுக்காக வலைப்பந்தாட்டக் (நெட்பால்) கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறோம். எறிதல், பிடித்தல், கால்வைப்பு, கோல் எய்தல் எல்லாவற்றுக்கும் சொல் அமைந்துவிட்டது. எதிரணியிடம் பந்து இருக்கும்போது ஆடும் ஆட்டத்தில்தான் இடறுகிறோம்.

அதில் மூன்று நிலை உண்டு. பந்து கைக்கு வருமுன் எதிராளியை ஒட்டி நின்று அவருக்குப் பந்து போகாமல் பார்ப்பது முதல் நிலை. ‘ஷேடோயிங்’ என்பது இதைத்தான். அவர் பந்தைப் பிடித்தபின் 0.9 மீற்றர் விலகி நின்று, கையை உயர்த்தி, எறிவதைக் கடினமாக்குவது இரண்டாம் நிலை. ஆளை விட்டு இடத்தைக் காப்பது மூன்றாம் நிலை. வரைவில் இவற்றுக்கு நிழலாட்டம், கைவிரிப்பு, பகுதித் தடுப்பு என்று போட்டிருக்கிறோம். 0.9 மீற்றருக்குள் நின்று கையால் இடையூறு செய்யும் ‘ஆப்ஸ்ட்ரக்ஷன்’ என்ற தவறுக்குத் ‘தடுப்பு’. உங்கள் கருத்து வேண்டும்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கொழும்பு

*

வணக்கம்.

நிழலாட்டம் வேண்டாம். ஓசையிலோ இலக்கணத்திலோ குறையில்லை. அந்தச் சொல் பிள்ளைகளைத் தவறான இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடும் என்பதுதான் என் கவலை. ‘நிழல்போலத் தொடர்ந்தாள்’ என்றால் பின்னால் போனாள் என்றுதான் தமிழில் விளங்கும். இங்கே காப்பவர் நிற்பது எதிராளிக்கு முன்னால், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பின்னால் நின்றால் பந்து வரும் நேரத்தில் எதிராளியின் முதுகு குறுக்கே இருக்கும். பந்தைத் தொட அவரைச் சுற்றியோ தோளுக்கு மேலாலோ கை நீள வேண்டும், உடம்பில் உடம்பு படும், விசில் ஊதப்படும்.

நிற்கும் முறையை எழுதிப் பார்த்தால் சொல் தானே வரும். பாதங்கள் தோளகலத்தில். முழங்கால் சற்று மடிந்து, எடை முன்பாதத்தில். எதிராளியின் உடம்பில் பாதியை, பந்து இருக்கும் பக்கத்துப் பாதியை, நம் உடம்பு மறைக்க வேண்டும். முகம் பந்துக்கும் ஆளுக்கும் நடுவே திரும்பியிருக்க, இரண்டும் ஒரே பார்வையில் விழ வேண்டும். கைகள் உடம்போடு ஒட்டி. நகரும்போது சிறு சிறு எட்டு, கால் பின்னக்கூடாது. ஒரு கால் மற்றதைக் கடந்து போகும் கணத்தில் எதிராளி மறுபக்கம் திரும்பினால் பிடிக்க முடியாது.

இதில் பிழைப்பது பெரும்பாலும் கண்ணும் இடுப்பும். பந்தையே பார்த்து நிற்கிறவரின் முதுகுக்குப் பின்னால் எதிராளி நழுவிவிடுவார். ஆளையே பார்த்து நிற்கிறவர் பந்து கடந்த பிறகுதான் கையை எடுப்பார். ஆள் எங்கே என்று இடுப்பால் தேடிச் சாய்வது இன்னொரு வழக்கம். எதிராளியின் நகர்வை அது கெடுத்தால் தவறு. பயிற்சிக்கு 3 மீற்றர் சதுரம் கீறி, ஒருவர் தப்ப, மற்றவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு 10 விநாடி முன்னால் நிற்கப் பழகட்டும். பந்தைக் கொண்டுவருவது அதன் பிறகு.

இதற்கு யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. கிளித்தட்டு விளையாட்டில் கோட்டில் நிற்பவர் செய்வதை ‘மறிக்கிறது’ என்போம். ஆளின் போக்கைப் பார்த்துப் பக்கவாட்டில் நகர்ந்து வாசலை அடைப்பது அது. ஆகவே முதல் நிலைக்கு முன்மறிப்பு. ஆடுகளத்துக்கு வெளியே நின்று கூப்பிடவும் ‘முன்மறி!’ என்று சுருக்கமாக வரும்.

கைவிரிப்பையும் எடுத்துவிடுங்கள். ‘அவர் கையை விரித்துவிட்டார்’ என்றால் உதவ முடியாதென்று சொல்லிவிட்டார் என்று அர்த்தம். கையோங்கல் அதைவிட மோசம்; அடிக்கப் போவதாகிவிடும்.

வலைப்பந்தாட்டப் பயிற்றுநர், யாழ்ப்பாணம்

*

அன்பு நண்பர்களுக்கு,

முன்மறிப்பு நல்ல ஆக்கம். இரண்டு தடைகளை மட்டும் எழுப்புகிறேன்.

தமிழ்நாட்டில் மறியல் என்றால் சாலை மறியல். வழிமறித்தான் என்றால் திருடன். விதி மீறுகிற வாடை அந்தச் சொல்லில் இருக்கிறது. அடுத்து, கிளித்தட்டில் மறிப்பவர் எதிராளியைப் பார்த்து நின்று, தொட்டு ஆட்டமிழக்கச் செய்கிறார். இங்கே நிற்பது முதுகு காட்டி, தொடுவதோ ஆபத்து. இந்த வேறுபாட்டைக் கையேடு ஒரு வரியில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆனாலும் ‘தடுப்பு’ என்ற சொல்லைவிட ‘மறி’யே மேல் என்று நினைக்கிறேன். வரைவில் தடுப்பாட்டம் என்பது கற்றுக்கொடுக்க வேண்டிய திறன். தடுப்பு என்பது தண்டிக்க வேண்டிய தவறு. ‘நன்றாகத் தடு’ என்று பயிற்றுநர் சொல்ல, ‘தடுப்பு’ என்று நடுவர் விசில் ஊதினால் பன்னிரண்டு வயதுப் பெண் என்ன செய்வாள்? ‘மறி’ அடியில் பிறப்பதெல்லாம் முறையான ஆட்டம், ‘தடை’யில் முடிவதெல்லாம் தவறு என்று ஒரே கோடு போட்டுவிடலாம். இடைமறிப்பு என்ற சொல்லை நாம் ஏற்கெனவே பறக்கும் பந்தைப் பறிப்பதற்குத்தான் பயன்படுத்துகிறோம். முன்மறித்தவருக்குத்தானே இடைமறிக்க வாய்ப்பு? சொற்களும் அதே உறவில் நிற்கின்றன.

விளையாட்டின் பெயரைப் பற்றியும் ஒன்று. தமிழ்நாட்டு வாசகர் பலர் வலைப்பந்து என்றதும் நடுவே வலை கட்டி ஆடும் கைப்பந்தை நினைக்கக்கூடும். அதற்காகப் பெயரை மாற்ற வேண்டாம். முன்னுரையில் விளக்கினால் போதும். 1960இல் இலங்கையில் கூடி உலகக் கூட்டமைப்பை அமைத்து, விதிகளை ஒன்றாக்க இறங்கியபோதுகூட இந்த ஆட்டத்துக்கு எல்லா நாட்டிலும் ஒரே பெயர் இல்லை. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1970வரை பெண்கள் கூடைப்பந்து என்றே சொல்லிவந்தன.

அகராதிப் பணியாளர், மதுரை

*

வணக்கம்.

நடுவர் பக்கத்திலிருந்து, இரண்டாம் நிலை பற்றி. 0.9 மீற்றர் என்பதைக் கைக்கும் பந்துக்கும் நடுவே உள்ள தூரமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தரையில் அளக்கப்படுவது. பந்து வைத்திருப்பவர் முதலில் ஊன்றிய காலிலிருந்து, மறிப்பவரின் கிட்டிய கால் வரை. ஊன்றிய காலை அவர் பிறகு தூக்கிவிட்டால், அது தரையில் இருந்த இடத்திலிருந்து அளக்க வேண்டும். பந்து வைத்திருப்பவரே மற்றக் காலை முன்னெடுத்து வைத்து இடைவெளியைக் குறைத்தால் குற்றம் மறிப்பவருடையதல்ல.

கால்தான் கணக்கு என்பதால் கை எவ்வளவும் முன்னே வரலாம். கோல் எய்யும் சூட்டருக்கு எதிரே நிற்கும் கோல் கீப்பர் ஒற்றைக் காலில் சாய்ந்து, மற்றக் காலைப் பின்னால் தூக்கிச் சமன் செய்துகொண்டு, விரலைப் பந்துக்கு அருகே கொண்டுவருவது இந்த விதியின் பலனே. சமன் தவறி உள்ளே விழுந்து எய்தலைக் கெடுத்தால் தவறு. தாவுவதும் அப்படித்தான்: தாவலாம், ஆனால் 0.9 மீற்றருக்குள் வந்திறங்கி எறிதலுக்கு இடையூறு செய்யக்கூடாது.

பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்வது விலகும்போது. எதிராளி பந்தைப் பிடித்ததும் கையை மேலே தூக்கிக்கொண்டே பின்வாங்குகிறார்கள். எறிய இருப்பதே மூன்று விநாடிதான் என்பதால் அவசரம். ஆனால் 0.9 மீற்றர் ஆகுமுன் கை உயர்ந்தால் விசில்தான், பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தாலும். முதலில் கால், பிறகு கை. தரையில் 0.9 மீற்றர் நாடா ஒட்டி, கையைத் தொங்கவிட்டபடியே விலகி, கால் நின்றபின் கையை உயர்த்தப் பழக்க வேண்டும்.

‘ஆப்ஸ்ட்ரக்ஷன்’ பந்தில்லாதவரிடமும் நடக்கும். 0.9 மீற்றருக்குள் நின்றுகொண்டு, பந்தைப் பிடிக்கவோ தட்டவோ முயலாமல், வேலிபோலக் கையை நீட்டினால் அதே தவறு. இரண்டுக்கும் பொது, நெருக்கத்தில் கை விரிவது. ஆகையால் நெருக்கத்தடை என்று வைக்கலாம். வெறும் ‘தடை’ என்றால் தூரம் காதில் விழாது.

தண்டனை சிறிதல்ல. தவறு செய்தவர் எறிபவருக்குப் பக்கத்தில், ஆட்டத்தில் கலக்காமல், பந்து கையை விட்டுப் போகும்வரை நிற்க வேண்டும். 4.9 மீற்றர் ஆரமுள்ள கோல் வட்டத்துக்குள் நடந்தால் சூட்டர் நேராக எய்யலாம். அங்கே மறிக்க அனுமதியுள்ளவர் கோல் கீப்பரும் கோல் டிபென்ஸும் மட்டுமே. ஒருவர் அப்படி நின்றுவிட்டால் மிஞ்சுவது ஒருவர்.

வலைப்பந்து நடுவர், சிங்கப்பூர்

*

நெருக்கத்தடையை முழுமனதோடு ஏற்கிறேன். இரண்டாம் நிலைக்கு அதே வரிசையில் கைம்மறிப்பு. விலகச் சொல்வதற்கு ‘விலகு!’ போதும்.

மூன்றாம் நிலைக்குப் ‘பகுதி’ வேண்டாம். களமே 10 மீற்றர் சொச்சம் நீளமுள்ள மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. அந்தப் பகுதி என்று மயங்குவார்கள். வலய மறிப்பு என்று வைப்போம். ஏழு பேரும் ஆளை விட்டுவிட்டு பந்து போகக்கூடிய வழிகளில் நின்று, நேர் பாஸைக் கொடுக்காமல், உயரமான மெதுவான பாஸுக்கு எதிரணியைத் தள்ளுவது அது. பந்து காற்றில் நிற்கும் நேரம் கூடினால் ஓடிப்போய்ப் பறிக்க அவகாசம் கிடைக்கும். ஒருவர் மட்டும் பழக்கத்தில் தன் ஆளைத் தேடிப் போய்விட்டால் அவர் விட்ட ஓட்டைக்குள்ளேயே பந்து போகும்.

முன்மறிப்புக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் கையேட்டில் எழுதுங்கள். வட்டத்துக்குள் உயரமான சூட்டர் அசையாமல் நின்றால் முன்னால் நிற்பது மட்டும் உதவாது. தலைக்கு மேலால் பந்து போய்விடும். இலங்கையின் தர்ஜினி சிவலிங்கத்தை நினைத்துப் பாருங்கள், உயரம் 208 சென்ரிமீற்றர். வளையமோ 305 சென்ரிமீற்றரில். அப்படிப்பட்டவரிடம் ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் நிற்பதுண்டு. அதைவிட முக்கியம், பந்தை ஊட்டும் கையை வட்டத்துக்கு வெளியிலேயே நெருக்குவது. வட்டத்துக்குள் போக அனுமதியில்லாத விங் டிபென்ஸின் கைம்மறிப்புத்தான் அங்கே முதல் அரண். ஊட்டுபவர் நிமிர்ந்து பார்த்து எறிய முடியாதபடி செய்தால் பந்து அரைச்சாண் தள்ளி விழும். பின்னால் நிற்பவருக்கு அது போதும்.

மதுரை ஐயாவின் வழிமறிப்பு பற்றி: ஓடிவருபவர் விலக முடியாத அளவுக்குக் கடைசி நொடியில் குறுக்கே கால் வைப்பது உண்மையிலேயே தவறு. இடத்தை முன்கூட்டியே பிடித்து நிற்பது தவறல்ல. முன்னதற்கு மறிப்பு என்ற சொல்லே வராமல் ‘குறுக்கே பாய்தல்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

வலைப்பந்தாட்டப் பயிற்றுநர், யாழ்ப்பாணம்

*

அனைவருக்கும் நன்றி. முன்மறிப்பு, கைம்மறிப்பு, வலய மறிப்பு, இடைமறிப்பு, நெருக்கத்தடை ஐந்தும் கையேட்டில் ஏறுகின்றன. கிளித்தட்டோடு உள்ள வேறுபாட்டை முன்மறிப்புப் பக்கத்திலேயே படத்தோடு கொடுக்கிறோம். ‘தடுப்பாட்டம்’ என்ற தலைப்பு ‘மறிப்பாட்டம்’ ஆகிறது.

உடம்பு படும் தவறான ‘கொன்டக்ட்’ மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. ‘தொடுகை’ என்றால் உடை உரசினாலே தவறு என்று பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள். எதிராளியின் ஆட்டத்தைக் கெடுக்கும் தொடுகையே தண்டிக்கப்படுவது. ‘மோதல்’ என்றால் இடுப்பால் மெல்ல அழுத்துவதும், தோளில் முழங்கை ஊன்றுவதும் அடங்காது. ‘தொடுதடை’ என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. தடையில் முடிவது தவறு என்ற நம் கோட்டுக்கும் பொருந்துகிறது. விசிலோடு சொல்லிப் பார்த்து நடுவர்கள் எழுதுங்கள்.

கையேட்டு மொழிபெயர்ப்பாளர், கொழும்பு