ரிக்வயர்டு போட்டும் ஊரைத் தேர்வு செய்யாம ஃபார்ம் போயிடுது

பந்தல்கடை, குடியாத்தம்:
எங்க மாமா பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடறார். ஆவணி முகூர்த்தத்துக்கு போன்ல புக்கிங் எடுத்து மாளலைன்னு வெப்சைட்ல ஃபார்ம் போட்டேன். ஊருக்கு டிராப்-டவுன். முதல் வரி "ஊரைத் தேர்வு செய்யவும்", கீழ இருபது ஊருக்கு மேல. அந்த டிராப்-டவுனோட செலக்ட் டேக்ல ரிக்வயர்டும் (கட்டாயம் தேர்வு செய்யணும்ங்கற குறி) இருக்கு. ஆனா சில பேர் அதைத் தொடாமலே அனுப்பிடறாங்க. மெயில்ல ஊர்: "ஊரைத் தேர்வு செய்யவும்"னே வருது. வண்டி எந்தப் பக்கம் போகணும்னு தெரியல.

காட்பாடி வாசி:
வேலூரை முதல்ல வெச்சிடுங்க. பாதிப் பேர் அதானே.

சத்துவாச்சாரி டீச்சர்:
அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. தொடாதவங்க எல்லாருக்கும் வேலூர்னே பதிவாகும். ஊர் இல்லாம வந்தா போன் போட்டுக் கேப்பீங்க. வேலூர்னு வந்தா சந்தேகமே வராது. கல்யாணம் ஆம்பூர்ல நடக்கும், உங்க அண்டாவெல்லாம் வேலூர்ல இறங்கியிருக்கும்.

முதல் ஆப்ஷனுக்கு வேல்யூ (ஃபார்ம் அனுப்பும்போது போற மதிப்பு) எழுதாம விட்டிருப்பீங்க. வேல்யூ இல்லைன்னா உள்ள இருக்கற எழுத்தையே பிரவுசர் வேல்யூவா எடுத்துக்கும். அதனால ஏதோ ஒண்ணைத் தேர்ந்தெடுத்ததா ரிக்வயர்டு விட்டுடுது. வேல்யூ="" ன்னு காலியாப் போடுங்க, சப்மிட் அழுத்தினதும் பிரவுசரே நிறுத்தும்.

இருபது ஊரையும் ஒரே வரிசையில விடாம ஆப்ட்குரூப் (ஆப்ஷன்களைத் தலைப்புக்குக் கீழ சேர்க்கற டேக்) போட்டுப் பிரிங்க. வேலூர் ஜில்லா 2019ல மூணாச்சே, அதுவே தலைப்பு: வேலூர்ல காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைல ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், திருப்பத்தூர்ல ஆம்பூர், வாணியம்பாடி. தலைப்பு வெறும் லேபிள்தான், அதைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பந்தல்கடை, குடியாத்தம்:
காலியாக்கினதும் நின்னுடுச்சு, ரொம்ப நன்றி டீச்சர். பட்டியல்ல இல்லாத கிராமத்துக்காரங்க என்ன பண்ணுவாங்க? டேட்டாலிஸ்ட் (டைப் பண்ணும்போது பேர் காட்டற பட்டியல்) போடலாமா?

சத்துவாச்சாரி டீச்சர்:
டேட்டாலிஸ்ட்ல இஷ்டத்துக்கு டைப் பண்ணலாம். பேரணாம்பட்டையே ஆளுக்கொரு விதமா எழுதுவாங்க. ஊரை வெச்சுத்தானே வண்டி வாடகை போடறீங்க? அப்ப செலக்டே இருக்கட்டும். கடைசியில "வேறு ஊர்"னு ஒரு ஆப்ஷன், பக்கத்துல கிராமத்துப் பேருக்கு ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ், போதும். மெயில் அனுப்பற, சர்வர்ல ஓடற பிஎச்பி கோடுலயும் ஊர் காலியா வருதான்னு செக் பண்ணிடுங்க, பிரவுசர் தடுப்பைத் தாண்டியும் ஃபார்ம் அனுப்ப முடியும்.