கடல் தூண்டிலுக்கு விலை குறைந்த ரீலா, விலை கூடியதா?

கொல்லங்கோடு_பொழி:
அண்ணன்மாரே, வணக்கம். நீரோடி தூண்டில் வளைவு (அலைத்தடுப்பு) கல்லிலும் தேங்காப்பட்டணம் பொழிமுகத்திலும் லூர் (செயற்கை இரை) எறிகிறேன். பாரை, சீலா, சில நேரம் கொடுவா. நூல் 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நூல்). இப்போதுள்ள சாதா ரீல் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கீச்சிட ஆரம்பித்துவிட்டது. டைவா பிஜி 4000 போதுமா, இல்லை காசு சேர்த்து பென் ஸ்லாமர் 4 எடுக்கலாமா? ஷிமானோ ஸ்டெல்லா எஸ்டபிள்யூ வாங்கினால் பிறகு கவலையே இல்லை என்கிறார் கூட்டாளி. அவ்வளவு பணத்துக்கு வழியில்லை.

குளச்சல்_ரீல்:
தம்பி, பழைய ரீலை ஒதுக்குமுன் ஒன்று பாருங்கள். ஹேண்டிலைச் சும்மா சுற்றினால் சத்தம் இல்லை, லூரை இழுக்கும்போது மட்டும் கீச் என்றால் அது லைன் ரோலர், அதாவது நூல் உரசி ஓடும் சின்ன உருளையின் பேரிங். நூல் உப்புத் தண்ணீரை நேராக அங்கேதான் கொண்டுவந்து விடும். அதனால் பெரும்பாலும் முதலில் போவது அதுதான். சின்னப் பொருள், மாற்றிவிடலாம். சும்மா சுற்றும்போதே கரகரத்தால்தான் உள்ளே உப்பு இறங்கிவிட்டது என்று பயப்பட வேண்டும்.

அப்புறம் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நூலைப் பிடித்துப் பிடித்து விடும் பிரேக். பெட்டியில் 20 கிலோ என்று போட்டிருப்பதற்காகக் காசு கொடுக்காதீர்கள். 30 பவுண்டு என்பது சுமார் 13.5 கிலோ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் டிராக் வைப்போம், மிஞ்சினால் நாலரை கிலோ. பிஜி அதைத் தாராளமாகத் தாங்கும். பாரை கல்லைப் பார்த்து ஓடும்போது டிராக் வெட்டி வெட்டி நிற்காமல் ஒரே சீராக நூலை விடுகிறதா, அதைக் கடையிலேயே கையால் இழுத்துப் பாருங்கள்.

ஸ்லாமருக்குக் கூடுதலாகக் கொடுக்கிற பணம், உள்ளே தண்ணீர் புகாமல் தடுக்கும் அதன் அடைப்புக்கு. நீரோடியில் அலை அடித்துத் தலையோடு நனைகிற ஆளுக்கு அந்தப் பணம் வீண் இல்லை. பொழியில் நின்று எறிவதற்கு பிஜி போதும். ஸ்டெல்லா அருமையான ரீல், அதன் பல்சக்கரம் அவ்வளவு மென்மை. ஆனால் அது படகில் போய்ப் பெரிய சூரையோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு.

விழிஞ்ஞம்_கரை:
அண்ணே சொன்னதில் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்லாமரின் ஐபிஎக்ஸ்6 என்பது பீய்ச்சி அடிக்கிற தண்ணீரைத் தாங்கும் என்பதற்கான சோதனை, அதுவும் நல்ல தண்ணீரில். மூழ்கினால் தாங்கும் என்பது ஐபிஎக்ஸ்7. கல்லிடுக்கில் விழுந்து கடலில் கிடந்தால் எந்த ரீலையும் திறந்துதான் ஆக வேண்டும். எடையும் இருக்கிறது. பிஜியைவிட ஸ்லாமர் கனம், காலை முழுக்க எறிந்தால் தோள் சொல்லிவிடும். டைவா சால்டிகா பக்கம் மனசு போனால், அதன் மேக்சீல் அடைப்பில் காந்த எண்ணெய் இருக்கிறது, வீட்டில் திறக்கிற வேலை வேண்டாம்.

கொல்லங்கோடு_பொழி:
பார்த்துவிட்டேன் அண்ணே. இழுக்கும்போது மட்டும்தான் கீச். பேரிங் மாற்றிவிட்டு, பிஜிக்குச் சேர்க்கிறேன். கழுவுவது எப்படி? வாளியில் முக்கி எடுக்கலாமா?

குளச்சல்_ரீல்:
முக்கவே கூடாது. டிராக்கை இறுக்கிவிட்டு, குழாய்த் தண்ணீரை மெதுவாக மேலே ஓடவிடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும். துடைத்து, டிராக்கைத் தளர்த்தி நிழலில் வையுங்கள், இல்லாவிட்டால் வாஷர் நசுங்கிப் போகும். காய்ந்த பிறகு லைன் ரோலரில் ஒரு சொட்டு எண்ணெய். ஸ்லாமர் வாங்கினாலும் இதே வேலைதான், அன்றைக்கே.